விமலகுமாரியின் வாய்க்கோணல்

குன்னத்துகால் விமலகுமாரி, கேரள எல்லையோரத்து நெய்யாற்றின்கரையில் ஒரு ஜவுளிக்கடையில் கல்யாணச் சேலை எடுத்துக் காட்டுகிறவள். இருபது வருடத்துக்கு மேலாக அதே மாடி, அதே கவுண்டர். வேலை செய்கிறவர்கள் உட்காரலாம் என்று சட்டம் வந்து, முதலாளி ஸ்டூல் வாங்கிப் போட்ட பிறகும், படியில் ஆள் ஏறுகிற சத்தம் கேட்டால் எழுந்துவிடுவாள். பேசிப் பேசித் தலையில் கட்டுகிற ரகம் அல்ல. பொருந்தாத நிறத்தை எடுத்துப் பெண்ணின் தோளில் வைத்தார்கள் என்றால் வாயை இடப்பக்கமாக லேசாகச் சுழிப்பாள், அவ்வளவுதான். சேலை தானாக மேசைக்கு இறங்கிவிடும். இப்படிச் சுழிக்கிறோம் என்பது அவளுக்கே தெரியாது. ஆனால், அவள் சரி என்று சொன்னால்தான் எடுப்போம் என்று காஞ்சிரங்குளத்திலிருந்தும் ஒற்றசேகரமங்கலத்திலிருந்தும் தேடி வருகிறவர்கள் உண்டு.

போன ஓணத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஆட்கள் அவளுடைய வாயைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

முதலில் பஸ்ஸில். முன்சீட்டில் இருந்த இரண்டு கல்லூரிப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுச் சட்டென்று முன்னால் திரும்பிக்கொண்டார்கள். காலையில் தின்ற பயறு ஒட்டியிருக்கும் என்று விமலகுமாரி கைக்குட்டையால் துடைத்தாள். மறுநாள் கண்டக்டர் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தபடியே நின்றான். பின்னால் இறங்கவேண்டிய ஆள் சத்தம் போட்டபிறகுதான் மணி அடித்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஐயரம்மா வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "சுகந்தானே விமலா? மனசுக்கு ஒண்ணும் இல்லல்லா?" என்று கேட்டாள். போதகரின் மனைவி அப்படித் தனியாக வந்து விசாரிப்பது வீட்டில் சாவு விழுந்தால்தான் வழக்கம்.

அந்த வாரமே கடையில் ஒரு பெண்வீட்டுக் கூட்டம் வந்தது. மணப்பெண் சேலையைப் பார்க்காமல் அவளையே பார்த்தாள். தங்கச்சிக்காரியின் இடுப்பில் இடித்து, காதில் என்னவோ சொன்னாள். இரண்டு பேரும் துணியால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர்கள் போனதும் விமலகுமாரி பக்கத்துக் கவுண்டர் ரெஜிலாவைப் பிடித்தாள்.

"எடியே, எனக்க மூஞ்சில என்னமாம் உண்டா?"

"ஒண்ணும் இல்லக்கா."

"பின்ன ஏன் எல்லாரும் பாக்கினும்?"

"உங்களுக்கு சும்ம தோணுது," என்று சொல்லிவிட்டு ரெஜிலா மடிக்கவேண்டிய அவசியமே இல்லாத ஒரு சேலையைப் பிரித்து மடிக்க ஆரம்பித்தாள். பத்து வருடமாகப் பக்கத்தில் நிற்கிறவள் மறைக்கிறாள் என்றால், விஷயம் சின்னது இல்லை.

விமலகுமாரி பயந்ததற்குக் காரணம் உண்டு. அவளுடைய அம்மைக்கு இப்படித்தான் தொடங்கியது. ஒரு காலையில் தேயிலை குடிக்கும்போது வாயின் ஓரத்தில் வழிந்தது. "அம்மைக்க வாய் கோணியிருக்கே" என்று யாரோ சிரித்தார்கள். ஒரு மாதத்துக்குள் இடக்கையும் இடக்காலும் விழுந்துவிட்டன. அதன்பிறகு நாலு வருடம் கட்டிலோடு கிடந்தாள். கஞ்சி ஊட்டியது, புரட்டிப் படுக்க வைத்தது, துணி மாற்றியது எல்லாம் விமலகுமாரிதான். கடைசிவரைக்கும் அம்மை பேசியது எதுவும் யாருக்கும் விளங்கவில்லை. விமலகுமாரிக்கு மட்டும் பாதி விளங்கும்.

கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, சேலை போட்டுப் பார்க்கிற பெரிய கண்ணாடியின் முன்னால் போய் நின்றாள். சிரித்துப் பார்த்தாள். வாய் இடப்பக்கம் ஏறியது. இன்னொரு தடவை சிரித்தாள். அப்போதும் இடப்பக்கம்தான். ஐம்பத்துமூன்று வருடமாக அவள் சிரிப்பு அப்படித்தான் என்பதை அன்றைக்கு அவளிடம் சொல்ல யாரும் இல்லை. அதோடு சிரிப்பதை நிறுத்தினாள். தண்ணீர் குடித்தால் மோவாயைத் தொட்டுப் பார்த்தாள். ஜெபத்தில் கண்ணை மூடியவள் இரண்டு கண்ணும் ஒன்றுபோல மூடியிருக்கிறதா என்று விரலால் தடவினாள். சோறு இறங்கவில்லை.

கணவன் ஜெயதாஸ் பெட்டி ஆட்டோவில் செங்கல்லும் தேங்காயும் ஏற்றி ஓட்டுகிற ஆள். அவனிடம் சொல்லலாம் என்று ஒரு சாயங்காலம் தேயிலையை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். அவன் ஆட்டோவில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்தான், அவள் வாயைப் பார்த்தான், போனைத் தொடைக்குக் கீழே தள்ளினான்.

"என்னது அது?"

"ஒண்ணும் இல்ல பிள்ளே. லோடு காரியம்."

சரி, இவரும் கண்டுபிடித்துவிட்டார், நான் பயப்படுவேன் என்று மறைக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். தேயிலையைப் படியில் வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

மகள் பின்சி மஸ்கட்டில் நர்ஸ். அவளுக்குத் தெரியாமல் இருக்காது என்று வீடியோவில் கூப்பிட்டாள்.

"மக்கா, எனக்க மூஞ்சிய நல்லா பாத்து சொல்லு. ஏதாவது வித்தியாசம் உண்டா?"

பின்சி ஒரு கணம் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். உடனே படம் இருண்டது. கேமராவைக் கையால் பொத்திவிட்டாள். "அம்மா, டியூட்டி இருக்கு, பெறவு கூப்பிடுதேன்" என்று ஒரு நடுங்குகிற குரல் மட்டும் வந்தது.

நர்ஸ் வேலை பார்க்கிற மகள், தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு முகத்தை மறைக்கிறாள். அதற்குமேல் விமலகுமாரிக்கு யாரும் எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, வீட்டில் கடைக்கென்றே சொல்லி இறங்கி, எதிர்ப்பக்கத்து பஸ் ஏறிப் பாறசாலைக்குப் போனாள். அங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டர் ஒருவர் நரம்புக்கு நன்றாகப் பார்ப்பார் என்று கேள்விப்பட்டிருந்தாள். கூட்டம் இல்லை. ஜிஜா என்கிற நர்ஸ் பெயரைக் கேட்டு எழுதினாள். எழுதிவிட்டு நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு அவசரமாகக் கதவைத் திறந்து உள்ளே போனாள். 'தூரத்திலிருந்து பார்த்தாலே தெரிகிறது போல' என்று விமலகுமாரி நினைத்தாள்.

டாக்டர் அமைதியாகத்தான் தொடங்கினார். கண்ணை இறுக்கி மூடச் சொன்னார். கன்னத்தை ஊதச் சொன்னார். பல்லைக் காட்டு, புருவத்தைத் தூக்கு, இரண்டு கையையும் நீட்டிப் பிடி, விரலைத் தொடு. எல்லாம் செய்தாள். பிரஷர் பார்த்தார். கொஞ்சம் கூடுதல்.

"வாய் கோணுதுன்னு உங்களுக்கு ஆரு சொன்னா?"

"ஆரும் சொல்லேல டாக்டரே. எல்லாரும் பாக்கினும்."

"தண்ணி வழியுதா? பேச்சு குழறுதா?"

"இல்ல. ஆனா எனக்க அம்மைக்கு இப்பிடித்தான்..." மோவாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "உள்ளத சொல்லுங்க. படுக்கையில விழுந்தா எடுத்துப் பாக்க இஞ்ச எனக்கு ஆளு இல்ல. மக தூரத்துல ஆக்கும்."

டாக்டர் பேனாவை மேசையில் வைத்தார். "சேச்சி, உங்களுக்கு வாதமும் இல்ல, ஒரு குந்தமும் இல்ல. ஆட்கள் பாக்குதுன்னு இங்ஙன டென்ஷன் அடிச்சா பிரஷர் கூடத்தான் செய்யும்."

பத்து நாள் பயமும் தூக்கமில்லாமையும் பசியும் ஒன்றாகச் சேர்ந்து விமலகுமாரிக்குச் சுள்ளென்று வந்தது. கையை மலர்த்தினாள். வாய் இடப்பக்கம் இழுத்தது. "அதினு ஞான் எந்தர் செய்யணும்?" என்று பச்சை மலையாளத்தில் கேட்டாள்.

ஜிஜா கையிலிருந்த தட்டைப் போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் சுழல்நாற்காலியோடு ஜன்னலுக்குத் திரும்பினார். அவருடைய முதுகு குலுங்கியது. டாக்டரே அழுகிறார் என்று நினைத்து விமலகுமாரிக்கு ஒரு நிமிடம் உலகமே இருண்டது.

"அய்யோ ஆன்ட்டி, பயப்படாதீங்க, இதப் பாருங்க," என்று ஜிஜாதான் கண்ணைத் துடைத்தபடி ஓடிவந்து போனை நீட்டினாள்.

திரையில் நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்ட். மழை. மடக்கமுடியாத ஒரு குடையோடு அவள். சில வாரத்துக்கு முன்னால் நடந்தது. அவளுக்கு மறந்தே போயிருந்தது. மைக்கோடு ஒரு பையன் வழியை மறித்து, இரண்டு சினிமாக்காரர்கள் விவாகரத்து செய்யப்போகிறார்களாமே, சேச்சியின் அபிப்பிராயம் என்ன என்று கேட்டிருந்தான். பஸ் நகர்ந்துகொண்டிருந்தது. வாயைக் கோணி, கையை மலர்த்தி, "அதினு ஞான் எந்தர் செய்யணும்?" என்று கேட்டுவிட்டு அவள் ஓடிப்போய் ஏறியிருந்தாள். அதற்கு நான் என்ன செய்யவேண்டும்! அவ்வளவுதான் பேச்சு. அதை லட்சக்கணக்கான ஆட்கள் பார்த்திருந்தார்கள். அந்த முகத்தை மட்டும் வெட்டியெடுத்து வாட்ஸ்அப் ஸ்டிக்கர் ஆக்கியிருந்தார்கள். பெட்ரோல் விலை ஏறினால் அவள் முகம். கிரிக்கெட்டில் தோற்றால் அவள் முகம். பரீட்சை ரிசல்ட் வந்தால் அவள் முகம். ஒருவன் அவளை ராக்கெட்டில் ஏற்றி நிலாவில் இறக்கி, பூமியைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்க வைத்திருந்தான்.

"எங்க ஆஸ்பத்திரி குரூப்பில தெனமும் உண்டு ஆன்ட்டி," என்றாள் ஜிஜா. "லீவு கேட்டா டாக்டர் இதத்தான் அயக்குவாரு."

விமலகுமாரி படத்தை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தாள்.

"அப்போ எனக்கு வாதம் இல்ல?"

"இல்லவே இல்ல," என்றார் டாக்டர், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "பிரஷருக்கு ஊறுகாய குறைங்க, போதும்."

அழுகை வந்தது. அழுதுகொண்டிருக்கும்போதே சிரிப்பும் வந்தது. பத்து நாளாகப் பூட்டி வைத்திருந்த சிரிப்பு. வாய் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகட்டும் என்று விட்டுவிட்டாள். கோபம் வரவேண்டிய இடம்தான். தேடிப் பார்த்தாள், வரவில்லை. உலகம் முழுக்கச் சிரித்தால் சிரிக்கட்டும். கையும் காலும் சுகமாக இருக்கிறதே!

வெளியே வந்ததும் நல்ல பசி. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஓட்டலில் போய் மரச்சீனிக் கிழங்கும் சாளைமீன் கறியும் சொன்னாள். தீர்ந்ததும் இன்னொரு தட்டு மரச்சீனி வாங்கினாள். பரிமாறின பையன் வாயைப் பார்த்தான். "ஆமா, நான்தான். குழம்பு ஊத்து," என்றாள்.

சாயங்காலம் ஜெயதாஸ் வந்து இறங்கியதும் கையை நீட்டினாள். "அந்த போன இஞ்ச தாங்க."

அவன் முகம் வெளுத்தது. "ஆரு பறஞ்சா?"

"ஏன் எனட்ட சொல்லேல?"

"நீ அந்தப் பயல தேடிப் போயி குடையால அடிப்பேன்னு பயந்துட்டேன். ரெஜிலாட்டயும் பின்சிகிட்டயும் நான்தான் சொல்லாதீங்கன்னு சொன்னேன்."

"எனக்கு வாய் கோணிப்போச்சுன்னு நெனச்சு, அம்மையப் போல கெடப்பேன்னு நெனச்சு, நான் செத்துப் பெழச்சு வாறேன் மனுசா."

ஜெயதாஸுக்கு அப்போதுதான் விளங்கியது. படியில் உட்கார்ந்தான். பிறகு அவள் கையைப் பிடித்து, "சாப்பிட்டியா?" என்று கேட்டான். "ரெண்டு தட்டு," என்றாள்.

இரண்டு பேரும் படியிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். அடியில் ஆட்கள் எழுதியதை அவன் வாசித்துச் சொன்னான். பாதிப்பேர் அவள் எந்த ஊர் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இது அசல் திருவனந்தபுரம் பேச்சு என்றான் ஒருவன். இல்லை, தமிழ்க்காரி மலையாளம் பேசுகிறாள், களியக்காவிளையைத் தாண்டி எங்கள் பக்கம் என்றான் இன்னொருவன். நாகர்கோவிலில் ஒருவர் அவளைத் தன் மைனியின் சொந்தம் என்றே எழுதியிருந்தார். கோழிக்கோட்டிலிருந்து ஒருத்தி, எந்தப் பக்கமாக இருந்தால் என்ன, எங்கள் வீட்டு அம்மாவும் இப்படித்தான் என்று முடித்திருந்தாள்.

"நீங்க இத ஆருக்காவது அயச்சதுண்டா?"

ஜெயதாஸ் கழுத்தைச் சொறிந்தான். "ஏணி இரவல் கேட்டு ஒருத்தன் மெசேஜ் போட்டான். அவனுக்கு மட்டும்."

அப்போது பின்சி கூப்பிட்டாள். இடையில் தகப்பன் மெசேஜ் போட்டிருக்கவேண்டும், அழுதபடியே வந்தாள். "அம்மா, நான் சிரிப்ப அடக்கமுடியாமத்தான் கேமராவ பொத்தினேன். நீ இப்பிடி நெனப்பேன்னு நெனக்கேல. மாப்பு."

"சாரமில்ல மக்கா, விடு. நீ ஒரு காரியம் சொல்லு. அதுல நான் கட்டியிருந்தது நம்ம கடைச் சேலை. இத்தற பேரு பாத்திருக்கு, அது என்ன சேலைன்னு ஒருத்திகூட கேக்கல்லியா?"

ஓணம் கழிந்ததும் ஆட்களுக்கு வேறொரு முகம் கிடைத்தது; யாருடைய வீட்டிலோ மீன் திருடும்போது அகப்பட்ட ஒரு பூனை. பஸ்ஸில் இப்போது விமலகுமாரியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஜன்னலோரம் கிடைத்தால் தலையைச் சாய்த்து, இறங்குவதற்குச் சற்று முன்னால் வருகிற அமரவிளைவரைக்கும் நிம்மதியாகத் தூங்குகிறாள்.