கோட்டுப்படி ஏறின வெள்ளிக்கிழமை

டென்மார்க்கின்ரை மேற்கு ஜூட்லாந்திலை நாங்கள் இருக்கிற இந்தச் சின்ன டவுனின்ரை பழைய நீதிமன்றம் இப்ப கோப்பிக் கடை. சந்தைச் சதுக்கத்தைப் பாத்தபடி நிக்கிற அதே செங்கல் கட்டிடம்தான். நடுவிலை முக்கோண முகப்பு, அதுக்குள்ளை டவுனின்ரை முத்திரை, கீழை ஒன்பது கருங்கல் படி. நீதவான் இருந்த இடத்திலை கேக் வச்சு விக்கிறாங்கள். போன கிழமை என்ரை மனுசி என்னை இழுத்துக்கொண்டு போனா. நான் கோப்பியை ஆறவிட்டிட்டுச் சுவரைத் தடவிக்கொண்டு நிக்க, "என்னப்பா, கட்டிடத்தை விலைக்கு வாங்கப் போறியளோ?" எண்டு கேட்டா. அந்தச் சுவருக்குள்ளை நடந்ததை நான் மனுசிக்கும் முழுசாச் சொன்னதில்லை.

நான் கதவு யன்னல் செய்யிற தொழிற்சாலையிலை கனகாலம் வேலை செய்யிறவன். எந்த இடத்துக்குப் போனாலும் முதல் கதவைத்தான் பாப்பன், ஆளைப் பிறகுதான் பாப்பன். "உனக்கு இது ஒரு வருத்தம், மருந்து எடு" எண்டு அக்கா சொல்லுவா. இந்தக் கதை அக்காவின்ரைதான்.

இலங்கையிலை சமாதானப் பேச்சு நடந்த காலத்திலை அத்தான் ஊருக்குப் போனவர். அவற்றை தாய் வன்னியிலை படுத்த படுக்கை. "மூண்டு கிழமை, போட்டு வாறன்" எண்டு சொல்லிப்போட்டுப் போனார். போனவருக்குத் தாயை விட்டிட்டு வர மனம் வரேல்லை. மனம் வந்த நேரம் பாதை இல்லை. சண்டை முடிஞ்ச வருசம், மாசி மாதத்திலை, ஆற்றையோ ஃபோனிலை ஒருக்காக் கதைச்சவர். "பிள்ளை வளந்திட்டாளோ?" எண்டு கேட்டவராம். அதோடை சரி. வைகாசியிலை எல்லாம் முடிஞ்சுது எண்டு ரீவியிலை சொன்னாங்கள். என்ன முடிஞ்சுது? அக்காவுக்கு அண்டைக்குத்தான் தொடங்கினது. வயோதிபர் இல்லத்திலை வேலை முடிச்சு வந்து, உடுப்பும் மாத்தாமல், முகாமிலை இருக்கிற ஆக்களின்ரை பேர்ப்பட்டியலைக் கொம்பியூட்டரிலை பாத்துக்கொண்டு இருப்பா. அவற்றை பேர் கொண்ட ஆக்கள் எத்தினையோ பேர் வந்திச்சினம். ஒருத்தரும் அவர் இல்லை.

அந்த நேரம் பாத்து அக்காவின்ரை மகள், என்ரை மருமகளின்ரை பள்ளிக்கூடத்திலை எட்டாம் வகுப்புப் பிள்ளையளை வசந்தத்திலை லண்டனுக்குக் கூட்டிக்கொண்டு போற ஒழுங்கு. பிள்ளையின்ரை பாஸ்போட் முடிஞ்சுபோச்சு. புதுசு எடுக்கக் கொம்யூனுக்கு, அதுதான் நகரசபைக் கந்தோருக்குப் போனால், கண்ணாடிக்கு அங்காலை இருந்த பெட்டை, "தாயின்ரை கையெழுத்து இருக்கு, தகப்பன்ரை எங்கை?" எண்டு கேட்டிருக்கிறாள். தகப்பன் இல்லாமல் எடுக்கிறதெண்டால் பிள்ளையின்ரை பொறுப்பு தாய்க்கு மட்டும்தான் எண்டு கோட்டிலை தீர்ப்பு வேணுமாம். கோடு கச்சேரி ஏறாத குடும்பம் எண்டு எங்கடை அப்பாவுக்கு ஒரு பெரிய எடுப்பு இருந்தது. அவற்றை மகள் டென்மார்க்கிலை ஏறவேண்டி வந்திட்டுது.

அக்கா ஏறமாட்டன் எண்டு நிண்டா. கோட்டுக்குப் பயந்து இல்லை.

"அவர் இருக்கிறாரோ இல்லையோ எண்டு கேப்பாங்கள் தம்பி."

"தெரியாது எண்டு சொல்லு."

"தெரியாது எண்டால், செத்திருக்கலாமோ எண்டு கேப்பாங்கள். சுத்திச் சுத்தி என்ரை வாயாலை அதைச் சொல்ல வைப்பாங்கள். நான் சொன்னனெண்டால் அதுதான் உண்மையாப் போகும். லண்டனும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்."

மாடிப்படியிலை இருந்த மருமகள், "பரவாயில்லை, நான் போகேல்லை" எண்டு டெனிஷிலை சொல்லிப்போட்டு மேலை போட்டாள். கதவைக்கூட அடிச்சுச் சாத்தேல்லை. அடிச்சுச் சாத்தியிருந்தால் அக்கா பேசிப்போட்டு விட்டிருப்பா. அந்த மெதுவாச் சாத்தின கதவுதான் அவவைக் கோட்டுக்கு ஏத்தினது.

கோட்டுத் தவணை வந்தது வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு. அக்கா உடனை கலண்டரைப் பாத்தா. வெள்ளி பத்தரையிலிருந்து பன்ரண்டு வரை ராகுகாலம்.

"அக்கா, கார்த்திகை மாதம் இஞ்சை சூரியனே எட்டு மணிக்குத்தான் எழும்புது. ராகு மட்டும் யாழ்ப்பாணத்து நேரத்துக்கு வருவாரோ?"

"நக்கல் அடியாதை. கலண்டரிலை போட்டிருக்கு."

"அப்ப நீதவானுக்கு ஒரு கலண்டர் அனுப்பிவிடு."

கடைசியிலை ஒரு ஒழுங்குக்கு வந்தம். பத்தரைக்கு முதலே காலை உள்ளுக்கை வச்சிட்டால் தோசம் இல்லை. அப்பிடி ஒரு சலுகை இருக்குதோ எண்டு எனக்குத் தெரியாது, அக்கா சொன்னா. ஒன்பதேகாலுக்கே அந்த ஒன்பது படியிலை மூண்டு பேரும் நிக்கிறம், காத்து முகத்திலை அறையுது. அக்காவின்ரை நெத்தியிலை வழமையிலும் பெரிய சிவப்புப் பொட்டு. படி ஒவ்வொண்டும் நடுவிலை தேஞ்சு குழி விழுந்திருந்தது. "எத்தினை பேர் ஏறி இறங்கி அழுதிருப்பினம்" எண்டு அக்கா சொன்னா. "சிலபேர் சிரிச்சுக்கொண்டும் இறங்கியிருப்பினம்" எண்டு நான் சொன்னன்.

கதவைத் திறந்தது கட்டிடத்தைப் பாக்கிற ஒரு மனுசி, அறுபது வயசு மட்டிலை, இடுப்பிலை பெரிய சாவிக்கொத்து. "உங்கடை வழக்குப் பதினொண்டுக்குத்தானே?" எண்டு கேட்டா. அக்கா ராகுவைப் பற்றிச் சொல்லாமல், "பஸ் கெதியா வந்திட்டுது" எண்டா. நாங்கள் வந்தது என்ரை காரிலை. கோட்டு வாசலிலையே முதல் பொய். நான் மற்றப் பக்கம் பாத்தன்.

சாவிக்கொத்து மனுசி கோப்பி தந்தா. நான் கதவின்ரை பிணைச்சலைத் தடவிறதைக் கண்டதோடை அவவுக்கு என்னிலை ஒரு விருப்பம் வந்திட்டுது. இருக்கிற நேரத்துக்குக் கட்டிடத்தைக் காட்டிறன் எண்டு கூட்டிக்கொண்டு போனா. முந்தி இந்த ஒரு கூரைக்குக் கீழைதான் எல்லாமாம். மேல்மாடியிலை ஒரு பக்கம் கோடு, மற்றப் பக்கம் நகரசபை. கீழை பொலிசு, பின்பக்கம் ஆக்களைப் பூட்டிவைக்கிற மறியல் அறையள். சபை மண்டபத்திலை வருசத்துக்கு ஒருக்கா நடன விருந்து நடக்குமாம். அண்டைக்குக் கீழை மறியலிலை இருக்கிறவைக்கும் பாட்டுக் கேக்குமாம். "அவையும் ஆடியிருப்பினம்" எண்டு நான் சொல்ல, மருமகள் அண்டைக்கு முதல்தரமாச் சிரிச்சாள்.

"இதுக்கும் முந்தி?" எண்டு கேட்டன்.

"அதுக்கு முந்திக் கட்டிடமே இல்லை. வெட்டையிலை நாலு மரக்குத்தியைச் சதுரமாப் போட்டு, அதுக்குள்ளை நீதி சொல்லுற ஆக்கள் இருப்பினம். சனம் சுத்திவர நிக்கும். ஆர் என்ன சொன்னாலும் எல்லாருக்கும் கேக்கும். அந்தப் பழக்கத்திலைதான் பிறகு சுவர் கட்டேக்கையும் யன்னலை இவ்வளவு பெரிசா வச்சவை. ஒளிச்சு வச்சு ஒண்டும் செய்யேல்லை எண்டு காட்ட."

அக்கா அந்த உயரமான யன்னலையும் வெளியிலை சந்தையிலை போற வாற சனத்தையும் பாத்தா. முகம் கறுத்துப்போச்சு. "எல்லாருக்கும் கேக்குமோ?" எண்டு கேட்டா. மனுசிக்கு விளங்கீட்டுது. பிள்ளையளின்ரை வழக்கெண்டால் கதவைச் சாத்திப்போட்டுத்தான் விசாரிப்பினம் எண்டு சொல்லி, அக்காவின்ரை கையிலை ஒரு தட்டுத் தட்டினா. எத்தினை பேரை அந்தக் கை தட்டியிருக்கும்!

பதினொண்டுக்குக் கொஞ்சம் முதல் நீதவான் வந்தா. அவவும் ஒரு பொம்பிளை, மூக்குக்கண்ணாடி. மொழிபெயர்ப்பாளர் வேணுமோ எண்டு கேட்டதுக்கு அக்காவுக்கு ரோசம் வந்திட்டுது. "பத்து வருசமாக் கிழடுகளின்ரை அறிக்கை எல்லாம் டெனிஷிலைதான் எழுதிறன்" எண்டா. நீதவான் சிரிச்சுக்கொண்டு, முதல் பிள்ளையோடை தனியக் கதைக்கவேணும், அது இஞ்சத்தை முறை எண்டா. கீழை பின்பக்கத்து அறைக்கு மருமகளைக் கூட்டிக்கொண்டு போச்சினம்.

அந்த அறை பழைய மறியல் அறை. கம்பியைக் கழட்டி, சுவருக்கு மஞ்சள் அடிச்சு, ஒரு மூலையிலை பொம்மையள் வச்சிருந்தினம். கதவை மட்டும் மாத்தேல்லை. மூண்டு அங்குலத் தடிப்பு, ஓக் மரம், சாப்பாடு குடுக்கிற சின்னப் பொந்தைப் பலகை வச்சு அடைச்சிருந்தது. நான் என்ரை சீவியத்திலை அப்பிடி ஒரு கதவு செய்யேல்லை. அது சாத்தினாப் பிறகு ஒரு மூச்சுச் சத்தம்கூட வெளியிலை வரேல்லை. நானும் அக்காவும் வாங்கிலை இருந்தம். அக்கா பிள்ளையாருக்கு நேந்துகொண்டிருந்தா, சொண்டு அசைஞ்சது தெரிஞ்சுது. இருபது நிமிசத்துக்கு மேலை போச்சு. பிள்ளை வெளியிலை வரேக்கை முகம் கழுவினமாதிரி இருந்தது. "என்ன கேட்டவை?" எண்டு அக்கா ஏங்கிக் கேட்டா.

"பள்ளிக்கூடம் பற்றி" எண்டாள்.

பிறகு மேலை, அந்தப் பெரிய யன்னல் மண்டபத்திலை எங்கடை முறை. துணைக்கு எண்டு என்னையும் விட்டவை. அக்காவின்ரை கை மேசைக்குக் கீழை என்ரை கையைப் பிடிச்சிருந்தது, குளிர்ந்துபோய். நீதவான் கடதாசியைப் பாத்தா, அக்காவைப் பாத்தா. நெத்தியைப் பாத்த மாதிரியும் இருந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு இருக்கிறன், இந்தா கேக்கப்போறா, இந்தா கேக்கப்போறா எண்டு.

"எவ்வளவு காலமா நீங்கள் தனியப் பிள்ளையைப் பாக்கிறியள்?"

அக்கா சொன்னா. வேலை நேரம் கேட்டா, பிள்ளைக்குச் சுகமில்லாட்டி ஆர் பாக்கிறது எண்டு கேட்டா. நான்தான் எண்டு என்னைக் காட்டினா. அவ்வளவுதான். அத்தானைப் பற்றி ஒரு சொல் இல்லை! தீர்ப்பு வாசிக்கேக்கை எல்லாரும் எழும்பி நிண்டம். பொறுப்பு தாய்க்கு. வெளியிலை வந்து படியிலை நிண்டு அக்கா அழுதுகொண்டே சிரிச்சா. "பாத்தியே, பத்தரைக்கு முதல் காலை வச்சது! நீ நக்கலடிச்சனி!"

"சரி, ராகுவுக்கு ஒரு கோப்பி வாங்கிக் குடுப்பம்" எண்டன்.

காருக்குப் போற வழியிலை மருமகள் என்ரை கையைப் பிடிச்சு நிப்பாட்டினாள். "மாமா, கோட்டிலையிருந்து கடிதம் வந்தால் நீங்கள்தானே வாசிப்பியள்?" எண்டு மெல்லக் கேட்டாள். வந்த காலத்திலிருந்து அக்கா வீட்டு அரசாங்கக் கடிதம் எல்லாம் நான்தான் வாசிச்சுத் தமிழிலை சொல்லுறது. அக்கா டெனிஷ் படிச்சு எவ்வளவோ காலமாச்சு, ஆனாலும் பழக்கம் விட்டுப்போகேல்லை. "ஓம், நான்தான்" எண்டு சொன்னன். ஏன் கேக்கிறாள் எண்டு நான் யோசிக்கேல்லை. நான் ஒரு மடையன்.

ரெண்டு கிழமையிலை கடிதம் வந்தது. அக்கா ஃபோன் எடுத்து வரச்சொன்னா. போனால், மருமகள் குசினிக்குள்ளை கோப்பை கழுவிக்கொண்டு நிக்கிறாள், தண்ணியைப் பூட்டிப்போட்டுக் கோப்பையைத் துடைச்சுக்கொண்டே நிக்கிறாள். அக்கா கடிதத்தை நீட்டி, "சத்தமா வாசி" எண்டா. நான் ஒவ்வொரு வரியாத் தமிழிலை சொல்லிக்கொண்டு வாறன். ரெண்டாம் பக்கம் நடுவிலை நிண்டுபோனன்.

பிள்ளையின்ரை வாக்குமூலம். தகப்பன் போரிலை இறந்திட்டார் எண்டு பிள்ளை சொல்லுது. கோடையிலை, தாய் வேலைக்குப் போயிருந்த நேரம், முகாமிலையிருந்து வெளியிலை வந்த ஒருத்தர் ஃபோன் எடுத்து, தன்ரை கையாலை அவரை மண்ணுக்குள்ளை தாட்டதெண்டு சொன்னவர். தாயிட்டை இதைக் கேக்கவேண்டாம் எண்டு பிள்ளை கேட்டுக்கொண்டது.

அட என்ரை கடவுளே! பதினாலு வயசுப் பிள்ளை. கோடை முழுக்க, தாய் பேர்ப்பட்டியல் பாக்கப் பாக்க, பக்கத்திலை இருந்து தேத்தண்ணி ஊத்திக் குடுத்திருக்கிறாள். அதை எழுதலாமோ எண்டு நீதவான் கேட்டவவாம், "எழுதுங்கோ, மாமாதான் வாசிக்கிறவர்" எண்டு இவள் சொன்னவளாம். அதைப் பிறகுதான் எனக்குச் சொன்னாள்.

குசினியிலை துடைக்கிற சத்தம் நிண்டுபோச்சு. நான், "பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் விருப்பமாம், தாயோடை சந்தோசமா இருக்கிறாளாம்" எண்டு வாசிச்சன். அச்சிலை இல்லாததை அவ்வளவு தெளிவா நான் ஒருநாளும் வாசிச்சதில்லை. மிச்சத்தையும் முடிச்சன். மருமகள் கோப்பையை வச்சிட்டு, மேலை தன்ரை அறைக்குப் போட்டாள். கால் வைக்கிற சத்தமே ஒரு பாரம் இறக்கினமாதிரி இருந்தது.

கடிதத்தைத் திருப்பி உறைக்குள்ளை வைக்கேக்கைதான் கண்டன். உறை என்ரை கைக்கு வரமுதலே கத்தியாலை நேரா வெட்டித் திறந்திருந்தது. நான் அக்காவைப் பாத்தன். கண் ரெண்டும் வீங்கி இருந்தது, நேற்று அழுத வீக்கம். வரேக்கை நான் அதைக் கவனிக்கேல்லை. கதவைப் பாத்திருப்பன்.

"நடுவிலை விட்டிட்டாய்" எண்டு அக்கா மெதுவாச் சொன்னா. "விடுவாய் எண்டு தெரியும். அதுக்குத்தான் அவள் நிக்கிற நேரம் பாத்து உன்னைக் கூப்பிட்டனான். நான் வாசிச்சது பிள்ளைக்குத் தெரியவேண்டாம் தம்பி. நான் சொல்லப் பயந்ததைத் தன்ரை வாயாலை சொல்லி என்னைக் காப்பாத்தினது எண்டு அவள் நினைச்சுக்கொண்டிருக்கட்டும்."

எனக்கு அழுகை வந்திட்டுது. அக்கா அழேல்லை. எனக்குத் தேத்தண்ணி போட எழும்பிப் போனா.

வசந்தத்திலை பிள்ளை லண்டன் போய் வந்தாள். ஒரு பின்னேரம் அவையைச் சும்மா விட்டதாம். மற்றப் பிள்ளையள் உடுப்புக் கடைக்குப் போக, இவள் எங்கடை ஆக்களின்ரை கடைத்தெருவைக் கேட்டுக் கேட்டுத் தேடிப் போயிருக்கிறாள். எனக்கு ஒரு சாவி வளையம். தாய்க்கு ஒரு அட்டை சிவப்பு ஒட்டுப்பொட்டு.

"அம்மா, உங்கடை முடியப்போகுது எண்டு பாத்தன்" எண்டு தமிழிலை சொன்னாள்.

அக்கா அட்டையிலையிருந்து ஒரு பொட்டை உரிச்சு மகளின்ரை விரலிலை வச்சா. பிறகு நெத்தியை நீட்டிக்கொண்டு கண்ணை மூடினா. பிள்ளை ஒட்டிவிட்டாள்.