மந்திரியை மேடையிலிருந்து இறக்கியது நான்தான்

மத்திய மந்திரி பேசிக்கொண்டிருக்கும்போது, மேடைக்கு அடியில் ஒரு சவுக்குக் கால் படக்கென்று விரிசல் விட்டது.

மட்டாஞ்சேரியில் மேடை கட்ட வேண்டுமென்றால் என் பெயரைத்தான் சொல்வார்கள். பிழைக்க வந்த தமிழன், ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனால் என் மேடையில் ஏறாத கட்சி இந்த ஜில்லாவில் கிடையாது. இருபது பேருக்கென்று கட்டினால் முப்பது பேரைத் தாங்கும். அன்று ஏறியிருந்தது அறுபது பேர். மந்திரி பக்கத்தில் நின்று டிவியில் முகம் தெரிய வேண்டுமே!

மேடை ஓரத்தில் நின்ற கட்சி மண்டலச் செயலாளரின் வேட்டியைக் கீழிருந்து இழுத்தேன்.

"சேட்டா, பாதிப் பேரை இறக்குங்க. கால் விட்டுடும்."

"ஆரை இறக்கறது அண்ணாச்சி? இவனை இறக்கினா அந்த குரூப்பு பிணங்கும், அவனை இறக்கினா இந்த குரூப்பு. நீ போய் முட்டு கொடு!"

என் பணிக்காரர்கள் இரண்டு பேர் ஏற்கெனவே அடியில் தோள் கொடுத்து நின்றார்கள். விழுந்தால் அவர்கள் மேல்தான் விழும். வேறு வழியில்லாமல் மேலே ஏறி மந்திரியின் காதில் சொன்னேன். பாலக்காட்டுக்காரர், தமிழ் பேசுவார்.

"சார், மேடை விழப்போகுது. எல்லாரையும் இறங்கச் சொன்னா தள்ளுமுள்ளாயிடும்."

"நான் இறங்கினா?"

எனக்குப் புரியவில்லை. அவர் மைக்கை வைத்துவிட்டு மெல்லப் படியிறங்கினார். அறுபது பேரும் பின்னாலேயே வந்தார்கள். படி ஒற்றை ஆள் அகலம், அவரை யாரும் முந்த முடியவில்லை. மேடை காலி.

"முட்டு வச்சிடறேன் சார். நீங்க மட்டும் ஏறிப் பேசுங்க."

"வேண்டா அண்ணாச்சி. கீழ நல்ல காத்து."

காரில் ஏறிப் போய்விட்டார்.

தலைமையோடு பிணக்கு, பாதியில் இறங்கினார் என்று டிவியில் சொன்னார்கள். கொஞ்ச நாளில் பதவியையும் கட்சியையும் விட்டுவிட்டார். எல்லாம் மட்டாஞ்சேரியில் தொடங்கியது என்கிறார்கள். செயலாளர் சாயாக்கடையில் என்னைப் பார்த்தால் விடுவதில்லை.

"காதில என்னடா சொன்னே?"

"மேடை விழும்னு சொன்னேன்."

"அது எனக்கும் சொன்னதுதானே. வேற என்ன சொன்னே?"

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: படியை ஒற்றை ஆள் அகலத்துக்கே வையுங்கள். அன்று என் ஆட்கள் பிழைத்தது அதனால்தான். மந்திரி விஷயம் மட்டும் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. முட்டு வைக்கிறேன் என்று சொன்ன பிறகும் மனுஷன் ஏன் ஏறவில்லை?