கண்டம் வாங்கிய மீன்

என் மாமனாருக்கு எதையும் கழுவத் தெரியாது, கழுவச் சொல்லத் தெரியும். சாப்பிட்ட தட்டைக்கூட நகர்த்தி வைக்காத அந்த மனிதர், எண்பதுகளின் தொடக்கத்தில் மெட்ராஸ் போய்விட்டு ஒரு கண்ணாடித் தொட்டியோடும் சில தங்கமீன்களோடும் வந்து இறங்கினார். உத்திரமேரூரில் எங்கள் தெருவில் வேறு யார் வீட்டிலும் அது கிடையாது. அதற்காகத்தான் வாங்கினார். குமிழி விட ஒரு மோட்டார், அழுக்கைப் பிடிக்கப் பஞ்சு வைத்த ஒரு பில்டர். கடைக்காரர் எவ்வளவோ சொல்லியிருப்பார். இவர் மண்டையில் ஏறியது ஒன்றுதான்: வீட்டுக்கு வருகிற கண்டத்தை மீன் வாங்கிக்கொண்டு சாகும்.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை வந்தால் எல்லாவற்றையும் கழுவியாக வேண்டும். வாசல், கூடம், விளக்கு. அந்த வரிசையில் தொட்டியும் சேர்ந்தது. மீன்களைக் குண்டானில் போட்டுவிட்டு, தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் கொட்டி, கூழாங்கல்லைச் சோடா உப்பால் தேய்த்து, பஞ்சைச் சவுக்காரம் போட்டு வெளுத்து, கிணற்றிலிருந்து அப்போதே இறைத்த தண்ணீரை ஊற்ற வேண்டும். மேலே ஒரு சிட்டிகை மஞ்சள் வேறு. சொல்கிறவர் மாமியார், செய்கிறவள் நான். சாயங்காலம் தொட்டி பளபளவென்று இருக்கும். இரண்டொரு நாளில் ஒரு மீன் மல்லாந்து மிதக்கும்.

"இன்னா கண்டமோ, நம்மள வுட்டுட்டு அத்தப் புட்சிக்கிச்சு" என்று மாமனார் கன்னத்தில் போட்டுக்கொள்வார். வருகிறவர்களிடமும் அதைப் பெருமையாகச் சொல்வார். காஞ்சிபுரத்திலிருந்து புது மீன் வரும், அதுவும் போகும். நாமே கொன்றுவிட்டு நமக்கே புண்ணியம் எழுதிக்கொள்கிறோம் என்று அப்போது எனக்கும் தெரியாது.

அப்படி ஒரே ஒரு மீன் மிஞ்சியிருந்த சமயத்தில் ஓரிக்கையில் ஒரு பங்காளி இறந்துபோனார். தீட்டு. காரியம் முடியும்வரை விளக்கு ஏற்றவில்லை, வெள்ளிக்கிழமைக் கழுவலும் நின்றது. கண்ணாடியில் பாசி படிந்தது, பஞ்சு பழுப்பேறியது. அடியில் சுருண்டு கிடந்த அந்த மீன் மேலே வந்து பொரி தின்ன ஆரம்பித்தது. எங்கள் சுத்தம்தான் இத்தனை நாளாக அவற்றைக் கொன்றது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தீட்டு வந்துதான் எங்கள் வீட்டில் ஓர் உயிர் பிழைத்தது.

அதன்பிறகு தொட்டியை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். முதல் நாளே அண்டாவில் இறைத்து வைத்த தண்ணீரைக் கொண்டு கொஞ்சம் மட்டும் மாற்றினேன். பஞ்சைத் தொட்டியில் மொண்ட பழைய தண்ணீரிலேயே பிழிந்தேன்.

"பஞ்சு கறுப்பா கீது, பாக்குறவங்க இன்னா சொல்லுவாங்க?" என்றார் மாமியார்.

"மீனு ஒண்ணும் சொல்லல அத்தை" என்றேன்.

மீன் உள்ளங்கை அளவுக்கு வளர்ந்தது. என்னைக் கண்டால் கண்ணாடியோரம் வரும். அந்த வீட்டில் என்னைக் கண்டு சந்தோஷப்பட்டது அது ஒன்றுதான்.

கழனியிலிருந்து வரும்போது மாமனார் சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்து காலை உடைத்துக்கொண்டார். கட்டுப் போட்டுக் கூடத்தில் படுக்க வைத்தார்கள். படுத்தவர் தொட்டியையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"அது கொழுகொழுன்னு கீது. நான் படுத்துக்கினு கீறேன். அது வாங்க வேண்டிய கண்டத்த நான் வாங்கிக்கினேன். வெள்ளிக்கிழமை பழையபடி கழுவுங்க."

மாமியார் சோடா உப்பை எடுத்துவந்து என் எதிரில் வைத்தார். மறுநாள் வெள்ளி. அன்று மத்தியானமே அவர்கள் இருவரும் தூங்கும்போது மீனைச் சொம்பில் மொண்டு, வாளியில் இறக்கி, சோடா உப்பும் சவுக்காரமும் எட்டாத புழக்கடைக் கிணற்றில் விட்டேன்.

எழுந்ததும் மாமனார் காலித் தொட்டியைப் பார்த்தார்.

"மீனு எங்கம்மா?"

"உங்க கால் கண்டத்த எடுத்துக்கினு போய்ட்ச்சி மாமா."

அவர் முகம் அப்படியே மலர்ந்தது. படுத்தபடியே கும்பிட்டார். கட்டுப் பிரித்து நடக்க ஆரம்பித்ததும், செத்த மீன்தான் கால் கொடுத்தது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மீன் கிணற்றில் வருஷக்கணக்காக இருந்தது. வாளியை இறக்கும்போதெல்லாம் மேலே வந்து மினுங்கிவிட்டுப் போகும். அவர் கண்ணில் அது ஒருநாளும் படவில்லை. தண்ணீர் எடுக்க அவர் கிணற்றடிக்கு வந்தால்தானே.