மூன்று வருஷத்துக்கான பூட்ஸ்

அக்டோபரில் வளைகுடாவில், எங்கள் கராமா பேட்டையில், சுவருக்கும் வேர்க்கும். அந்தப் புழுக்கத்தில், எங்கள் வீட்டு நடையில், என் மகள் சுவரில் முதுகைச் சாய்த்து, இல்லாத நாற்காலியில் உட்கார்ந்தவளைப் போல முழங்காலை மடக்கி நிற்பாள். தொடை நடுங்கும். உதட்டைக் கடித்துக்கொள்வாள். அவளைத் தாண்டித்தான் நான் சமையலறைக்குப் போக வேண்டும். பால் பொங்குகிறது, நகருட்டி என்றால் நகர மாட்டாள். எல்லாம் பனிச்சறுக்கு கிளப்பில் சொல்லிக்கொடுத்த பயிற்சி. சீசன் வருவதற்குள் கால் இரும்பாகிவிட வேண்டுமாம்.

நாங்கள் கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரைக்காரர்கள். எங்கள் இரண்டு வீட்டிலும் யாரும் பனியைப் பார்த்தது கிடையாது. மீன் பெட்டியில் அள்ளிப்போடும் ஐஸ்தான் நாங்கள் கண்டது. எங்களுக்குப் போய் இப்படியொரு பிள்ளை. பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு நாள் மாலுக்குள் இருக்கும் பனிமலைக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். மற்ற பிள்ளைகள் விழுந்து சிரித்துக்கொண்டிருக்க, இவள் விழவே இல்லையாம். அங்கே பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரப் பெண் அதைப் பார்த்துவிட்டு எங்களுக்குச் சொல்லி அனுப்பினார். கட்டணம் வேண்டாம், சறுக்குக் கட்டையும் உடுப்பும் கிளப்பே கொடுக்கும், பிள்ளையை மட்டும் அனுப்புங்கள் என்றார். என் கணவர் அதை ஊருக்கு ஃபோன் போட்டுச் சொல்லாத ஆள் இல்லை.

சனிக்கிழமைதோறும் மால் திறப்பதற்கு முன்பே போய்விடுவோம். வெளியே சட்டை முதுகில் ஒட்டும் வெயில். உள்ளே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பனி. மற்ற அம்மாக்கள் காபிக் கோப்பையுடன் போன வருஷம் போய் வந்த மலைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் என் கணவரின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஓர் ஓரமாக உட்கார்ந்திருப்பேன். யாரும் என்னை மதிக்காமல் இல்லை. "உங்கள் மகள் எவ்வளவு வேகம்!" என்பார்கள். சிரித்துவைப்பேன்.

கோடை விடுமுறை முடிந்து பிள்ளைகள் உடம்பு தளர்ந்து வருவார்களாம். அதனால் சீசனுக்கு முந்தைய இரண்டு மாதமும் அந்த வெள்ளைக்கார கோச் போட்டு வறுத்தெடுப்பார். ஓட்டம், குதிப்பு, ஒற்றைக் காலில் நிற்பது. பிறகு சறுக்குக் கட்டையைக் கவிழ்த்துப் போட்டு, இஸ்திரிப் பெட்டி மாதிரி ஒன்றால் மெழுகை உருக்கித் தடவி, ஆறியதும் சுரண்டி எடுக்க வேண்டும். அதைப் பிள்ளைகள்தான் செய்வார்கள். வீட்டுக்கு வரும்போது இவள் மேலெல்லாம் மெழுகு வாசனை வீசும், பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து வந்தவளைப் போல.

டிசம்பரில் கிளப் ஓர் அணியை வெளிநாட்டு மலைக்குக் கூட்டிப் போகும். நவம்பரில் நேரம் வைத்துப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள். என் மகளுக்கு அந்த ஒன்றுதான் வேண்டும். சாப்பிடும்போதும் அதே பேச்சு.

"அம்மா, அங்க மேல ரூஃபே கிடையாதும்மா. ஸ்னோ வானத்துலருந்து வருமாம்."

"பின்ன எங்கருந்துட்டி வரும்?" என்பேன்.

"இங்க மெஷின்லருந்துல்லாம்மா வருது," என்பாள், நான்தான் ஏதோ விவரம் கெட்டவள் என்பது போல.

அந்த அக்டோபரில்தான் என் கணவருக்கு வேலை போனது. கட்டுமானக் கம்பெனியில் வரைபடம் போடுகிறவர். ஒரு மதியம் கூப்பிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு, கலாஸ், அவ்வளவுதான் என்று முடித்துவிட்டார்கள். அவர் விசாவில்தான் நானும் மகளும் இருந்தோம். வேறு வேலை கிடைத்தால் இருக்கலாம், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும்.

"பிள்ளைட்ட சொல்லாண்டாம்," என்றார். "அவ ரேஸ் முடியட்டும். அதுக்குள்ள ஒண்ணு கெடச்சுரும்."

இங்கே எல்லார் வீட்டிலும் இப்படித்தான். எங்கள் கட்டடத்திலேயே பார்த்திருக்கிறேன். அட்டைப்பெட்டி வந்து இறங்கும்போதுதான் பிள்ளைகளுக்கு ஊருக்குப் போகிறோம் என்பது தெரியும். நேற்றுவரை லிஃப்டில் சைக்கிளோடு ஏறியது, இன்று பெட்டியின் மேல் உட்கார்ந்து அழும். எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். பிள்ளைகள் என்ன பொம்மையா, தூக்கிப் பெட்டியில் போட? அதையே என் வீட்டிலும் செய்யச் சொன்னபோது சண்டை போட்டேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி அவரை நான் பார்த்ததில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாளும் அவர் இஸ்திரி போட்ட சட்டையும் கறுப்பு சாக்ஸும் ஷூவுமாகக் கிளம்பினார். மகள் "பை அப்பா" என்றாள். அவர் மெட்ரோ பிடித்து எங்கோ போய், ஏதோ ஒரு குளிரூட்டிய இடத்தில் உட்கார்ந்து வேலைக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டு, சாயங்காலம் அலுத்துக்கொண்டே வந்தார். தினமும் இதே நாடகம். மதியச் சாப்பாட்டை நான் கட்டிக்கொடுத்தேன்.

இதற்கிடையில் கோச் ஒரு செய்தி அனுப்பினார். இதுவரை பிள்ளைகள் அங்கே வாடகைக்குக் கிடைக்கும் பூட்ஸைத்தான் போட்டார்கள். போட்டிக்கு அது உதவாது, சொந்தமாக வேண்டும், இறுக்கமாக இருக்க வேண்டும், கால் உள்ளே அசையக் கூடாது என்று எழுதியிருந்தார். என் கணவர் தானே போய் வாங்கி வருவதாகச் சொன்னார். ஊரைக் காலி செய்துகொண்டு போகிற ஒரு குடும்பம் பழைய பூட்ஸை விற்கிறது, விசாரித்துவிட்டேன் என்றார்.

கொண்டுவந்து நடுவீட்டில் வைத்தார். கல்லு மாதிரி கனம், நீல நிறம், முன்னால் இரும்புக் கொக்கிகள். மகள் காலை விட்டாள். விட்ட வேகத்தில் கால் உள்ளே போய்விட்டது. எனக்கு அப்போதே தெரிந்தது.

"ஏங்க, இது பெருசால்லா இருக்கு?"

"வளருத பிள்ளல்லா," என்றார். "இப்பம் அளவா வாங்குனா அடுத்த வருசம் தூக்கிப் போடணும். இதுன்னா மூணு வருசத்துக்குக் கெடக்கும்."

அவர் எப்போதும் அப்படித்தான் வாங்குவார். எங்கள் ஆட்கள் எல்லாருமே அப்படித்தான். யூனிஃபார்ம் பாவாடை ஓரத்தை மடித்துத் தைத்து, வருஷா வருஷம் பிரித்து இறக்குவோம். பள்ளிக்கூட ஷூ நுனியில் பஞ்சை அடைப்போம். கோச் எழுதியதை அவரும் படித்திருந்தார். படித்தும் அவருக்கு அது ஏறவில்லை, வளர்கிற பிள்ளைக்கு அளவாக வாங்குவது என்ற யோசனையே அவருக்குக் கிடையாது. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டேன்.

வேலை போன மனுஷன், இன்னும் கொஞ்ச நாளில் நாட்டை விட்டே போகச் சொல்லிவிடுவார்கள் என்ற நிலையில் இருக்கிறவர், மூன்று வருஷத்துக்கு வரும் என்று பூட்ஸ் வாங்கி வந்திருக்கிறார். மூன்று வருஷம் இங்கேதான் இருப்போம் என்று அவர் யாரிடம் சொல்கிறார்? எனக்கா, மகளுக்கா? கோபம் வந்தது, அழுகையும் வந்தது. ஒன்றையும் காட்டாமல் சோற்றை வடிக்கப் போனேன்.

மகள் கொக்கிகளைக் கடைசிப் பல்வரை இழுத்துப் பூட்டி, எழுந்து நடந்து காட்டினாள். "சூப்பரா இருக்குப்பா," என்றாள். அவர் முகம் மலர்ந்தது. அந்த மாதத்தில் அவர் சிரித்தது அன்றைக்குத்தான். பிறகு சனிக்கிழமைகளில் கோச் பூட்ஸைத் தொட்டுக்காட்டி அளவு சரியாக இருக்கிறதா என்று கேட்டபோதும் அவள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன்.

தேர்வு நாளன்று அவரும் எங்களோடு வந்தார். பனியில் கம்பங்கள் நட்டிருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையாக அவற்றைச் சுற்றி வளைந்து வளைந்து இறங்க வேண்டும். என் மகள் மேலே சிறு புள்ளியாகத் தெரிந்தாள். கிளம்பினாள். நல்ல வேகம். பக்கத்தில் ஓர் அம்மா மூச்சை உள்ளிழுத்தது கேட்டது. பாதி வழியில் ஒரு கம்பத்தில் திரும்பும்போது அவள் உடம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போயின. அவ்வளவு பெரிய பூட்ஸுக்குள் பாதம் திருகிக்கொண்டது. விழுந்து, புரண்டு, வலையில் போய் மோதினாள். கண்ணாடி வழியாகச் சத்தம் கேட்காது. வாய் திறந்திருந்தது மட்டும் தெரிந்தது.

பூட்ஸைக் கழற்றாமல் காலைக் கட்டி ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் அவளைத் தள்ளுகட்டிலில் படுக்கவைத்திருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே கவுன்டர். என் கணவர் இன்ஷூரன்ஸ் அட்டையை நீட்டினார். கவுன்டரில் இருந்தவர் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் தட்டினார்.

"பாய், யே கான்சல் ஹோ கயா, இந்தக் கார்டு செல்லாது. விசாவும் கான்சல்னு காட்டுது. கம்பெனி போன வாரமே முடிச்சிருச்சு."

மாதக் கடைசிவரை இருக்கும் என்றுதான் கம்பெனியில் சொல்லியிருந்தார்களாம். அவர் தணிந்த குரலில் கெஞ்சத் தொடங்கினார். அவசரம் என்பதால் முதலில் பார்க்கிறோம், மற்றதைப் பிறகு பேசலாம் என்றார்கள். நான் மகளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் அழுகையை நிறுத்தியிருந்தாள். அப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறது. பனியும் இல்லை, அணியும் இல்லை, இந்த ஊரே இல்லை என்பது அவளுக்கு அந்தக் கவுன்டரில்தான் தெரிந்தது. என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

உள்ளே ஒரு மலையாளி நர்ஸ் கொக்கிகளை ஒவ்வொன்றாக விடுவித்து, மெல்ல மெல்லப் பூட்ஸைக் கழற்றினார். கால் வீங்கியிருந்தது. கத்தரிக்கோலால் தடித்த கம்பளி சாக்ஸை வெட்டி உரித்தார். அதற்குள்ளே இன்னொரு கம்பளி சாக்ஸ். அதையும் வெட்டினார். அதற்குள்ளே கறுப்பாக ஒன்று இருந்தது. என் கணவர் வேலைக்குப் போட்டுப் போகும் சாக்ஸ். நுனியில் பஞ்சு அடைத்து, பந்து மாதிரி உருண்டிருந்தது.

நர்ஸ் அதை ஓரமாக வைத்தார். என் கணவர் கையில் எடுத்தார். பஞ்சைப் பார்த்தார், பூட்ஸைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிக்கொண்டிருந்தது, என் கண் முன்னாலேயே.

மகள்தான் முந்திக்கொண்டாள்.

"உள்ள ரொம்பக் குளிருப்பா," என்றாள். வலியில் குரல் எழும்பவே இல்லை. "அதான் நிறையப் போட்டேன். பூட்ஸ்லாம் கரெக்ட்டாத்தான் இருந்துச்சு."

அவர் என்னைப் பார்த்தார். பிள்ளையிடம் மறைக்காதீர்கள் என்று அன்று அவரோடு சண்டை பிடித்தவள் நான்.

"ஆமாங்க," என்றேன். "உள்ள ரொம்பக் குளிருதான்."