டிராக்டரிலிருந்து கழற்றித் தந்த வாஷர்

போன வருடம் தை மாதம், டி. கல்லுப்பட்டியைத் தாண்டி ராஜபாளையம் போகிற சாலையில் நடந்தது இது.

நாங்கள் மதுரை திருநகரில் இருக்கிறோம். நான் ஒரு மிஷன் பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள். என் கணவருக்கு நுரையீரலில் கோளாறு. மூக்கில் குழாயை மாட்டிக்கொண்டு, பக்கத்தில் ஆக்சிஜன் மிஷின் ஓடிக்கொண்டிருந்தால்தான் அவரால் மூச்சு விட முடியும். மிஷினுக்குக் கரண்ட் வேண்டும். அதனால் வீட்டை விட்டு நகர முடியாமல் கிடந்தார். வேலையில் இருந்த காலமெல்லாம் ஊர் ஊராகப் போய்ப் பழகிய மனிதர், நாள் முழுக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை என்னால் சகிக்க முடியவில்லை. சினிமா ஷூட்டிங்குக்கு ஓடிய பழைய கேரவன் ஒன்று விலைக்கு வந்தது. வாங்கிவிட்டோம். படுக்கை, கழிப்பறை, சின்ன அடுப்பு எல்லாம் உள்ளேயே உண்டு. பின்பக்கப் பெட்டியில் ஒரு டீசல் ஜெனரேட்டர். அது ஓடுகிற வரை அவர் எங்கே வேண்டுமானாலும் வரலாம்.

அதற்கு சர்வீஸ் பண்ணக் கூப்பிட்டால் மெக்கானிக், "நாளைக்கு வாரேன்க்கா" என்பார். அந்த நாளை வருவதற்குள் இரண்டு பயணங்கள் தள்ளிப்போயின. சரி, நாமே பார்த்துக்கொள்வோம் என்று இறங்கிவிட்டேன். வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து விளக்கப் புத்தகத்தை வாசிப்பார், நான் கீழே சாக்கை விரித்து ஸ்பேனரோடு உட்காருவேன். ஆயில் மாற்றுவது, ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்வது, டீசல் ஃபில்டரில் தேங்கும் தண்ணீரை வடிப்பது எல்லாம் கைக்கு வந்துவிட்டன. நகக்கண்ணில் கரியோடு சர்ச்சுக்குப் போன ஞாயிற்றுக்கிழமைகளும் உண்டு.

ராஜபாளையத்தில் என் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். காலையில் சர்ச்சில் கல்யாண ஆராதனை. முதல் நாளே புறப்பட்டோம். கொழுந்தனார் வண்டி ஓட்டினார். மதியச் சாப்பாட்டுக்காக ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினோம். பக்கத்துக் காட்டில் டிராக்டரோடு கதிரடிக்கும் மிஷினைப் பூட்டி மக்காச்சோளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். டப்பாவைத் திறந்து தட்டில் சாதத்தை வைக்கும்போது ஜெனரேட்டர் இரண்டு முறை முக்கிவிட்டு நின்றுபோனது. ஆக்சிஜன் மிஷின் கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது.

அவசரத்துக்கு ஒரு சின்னச் சிலிண்டர் வைத்திருந்தோம். குழாயை அதற்கு மாற்றினேன். அது கொஞ்ச நேரம்தான் தாங்கும். கேரவனையே ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போகலாமென்றால், போய்ச் சேருவதற்குள் சிலிண்டர் தீர்ந்துவிடுமோ என்று பயம். கொழுந்தனார் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். பக்கத்து வண்டி வேறொரு கேஸுக்குப் போயிருக்கிறது, வரத் தாமதமாகும் என்றார்கள். ஏதாவது ஒரு வீட்டில் கரண்ட் கேட்கலாம் என்று பார்த்தால், பராமரிப்புக்காக அன்று அந்தப் பக்கம் முழுக்க மின்தடை.

ஜெனரேட்டர் பெட்டியைத் திறந்தேன். ஃபில்டர் கிண்ணத்தின் அடியில் தண்ணீர். வரும் வழியில் போட்ட டீசலில் கலந்திருக்க வேண்டும். கையில் புது ஃபில்டர் இருந்தது. பழையதைக் கழற்றினேன். அதன் ரப்பர் வாஷர் ஊறி ஒட்டிக்கொண்டிருந்ததால், நெம்பி எடுக்கும்போது கிழிந்தது. புது ஃபில்டரை அதன் வாஷரோடு மாட்டி அவசரமாக முறுக்கினேன். டீசலை ஏற்றும் கைப்பம்பை எத்தனை தடவை அடித்தாலும் டீசலோடு காற்றுக் குமிழிகளே வந்தன. ஜெனரேட்டர் கிளம்பும், உடனே நின்றுவிடும்.

உள்ளேயிருந்து கணவர், "பதறாத. காத்து எங்கயோ உள்ள போகுது. எங்கன்னு பாரு" என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு இரைத்தது.

மறுபடி கழற்றினேன். அவசரத்தில் நான் முறுக்கியதில் புது வாஷர் பள்ளத்தை விட்டு நழுவி, விளிம்பில் மாட்டி வெட்டுப்பட்டிருந்தது. வேறு வாஷர் கிடையாது. அப்போதுதான் டிராக்டர் சத்தம் காதில் விழுந்தது. அதிலும் இதே மாதிரி ஃபில்டர் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

காட்டுக்குள் ஓடினேன். புருஷனும் பெண்டாட்டியும்தான் வேலை செய்துகொண்டிருந்தார்கள். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். அந்த ஆள் வானத்தைப் பார்த்தார். மேற்கே கருத்துக்கொண்டு வந்தது.

"தை மாசத்துல பாருங்கக்கா, மழை வருது. இப்ப நிப்பாட்டுனா கெடக்குற சோளம் அம்புட்டும் நனைஞ்சிரும்" என்றார்.

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அந்தப் பெண் விறுவிறுவென்று நடந்து போய்க் கேரவன் கதவில் ஏறி எட்டிப் பார்த்தாள். இறங்கி வந்தவள் புருஷனிடம், "நனைஞ்சா காயப்போட்டுக்கிரலாம். கழட்டிக் குடுங்க" என்றாள்.

அவர் டிராக்டரை நிறுத்தி ஃபில்டரைக் கழற்றி வாஷரை என் உள்ளங்கையில் வைத்தார். கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் பொருந்தியது. இந்தத் தடவை நிதானமாக, அது பள்ளத்தில் சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பார்த்து முறுக்கினேன். பம்ப் அடித்தேன். குமிழி குறைந்து சுத்தமான டீசல் வந்தது. ஜெனரேட்டர் கிளம்பியது. நிற்கவில்லை. உள்ளே ஓடிப் போய்க் குழாயை மிஷினுக்கு மாற்றினேன். சிலிண்டர் முள் ஏறக்குறையப் பூஜ்யத்தைத் தொட்டிருந்தது. என் கணவரின் இரைப்பு மெல்ல அடங்கியது.

வெளியே மழை பிடித்துவிட்டது. "மதினி, நீங்க அண்ணனைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுக் கொழுந்தனார் காட்டுக்குள் ஓடினார். மூன்று பேருமாகத் தார்ப்பாயை இழுத்துப் போட்டார்கள். பாதிக் குவியலுக்குத்தான் அது எட்டியது. மீதி எங்கள் கண்முன்னே நனைந்தது.

கல்யாணம் முடிந்து நாலு நாள் கழித்துத் திரும்பும்போது, ராஜபாளையத்தில் வாங்கிய வாஷர்களோடு அதே இடத்தில் இறங்கினேன். அவர் அன்று சாயங்காலமே கல்லுப்பட்டிக்குப் போய் ஒன்று வாங்கி மாட்டிவிட்டாராம். சோளம் சாலையோரம் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு ஓரத்தில் முளைவிட்டதைத் தனியே ஒதுக்கி வைத்திருந்தார்கள். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அந்தப் பெண் காதில் வாங்கவே இல்லை.

"அதை விடுங்கக்கா. அந்த ஃபில்டர் மாத்துறத எனக்குக் காட்டிக் குடுங்க. இவுக வெளியூர் போயிருக்கப்ப டிராக்டர் நின்னா, நான் பேந்தப் பேந்த முழிச்சுக்கிட்டு நிக்கிறேன்" என்றாள்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இருவரும் டிராக்டர் பக்கத்தில் உட்கார்ந்தோம். நான் கழற்றிக் காட்டினேன், அவள் மாட்டினாள். முதல் தடவை குமிழி வந்தது. இரண்டாவது தடவை சரியாக வந்தது. டிராக்டர் கிளம்பியதும் புருஷனைத் திரும்பிப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பைக் கேரவன் ஜன்னல் வழியே என் கணவரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் வண்டியின் வேலையை நானே பார்க்கக் கற்றுக்கொண்டதால் யார் தயவும் வேண்டாம் என்று அதுவரை நினைத்திருந்தேன். இப்போது ஒவ்வொரு முறை ஜெனரேட்டரைத் திறக்கும்போதும், முன்பின் தெரியாத ஒருவருடைய மூச்சுக்காகத் தங்கள் சோளத்தை மழைக்கு விட்டுக்கொடுத்த அந்த இரண்டு பேரை நினைக்காமல் ஸ்பேனரை எடுப்பதில்லை.