ஃபெயில் சார் படகு எடுத்த கதை

ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் டெஸ்ட் நடத்தியவருக்கு ஊர் வைத்த பெயர் ‘ஃபெயில் சார்’. வண்டியைச் சுவரில் லேசாக உரசியதற்காகக் கூடப்பிறந்த தம்பியையே ஃபெயில் போட்டவர். தம்பி மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சார் அசரவில்லை.

அப்பேர்ப்பட்டவரை ஆறு மாதமாக ஒருவர் அசைத்துக்கொண்டிருந்தார். புது மாப்பிள்ளை. “ஆமா மாமா”, “சரி மாமா” தவிர அவர் வாயில் மூன்றாவது வார்த்தை வராது. சார் அறைக்குள் வந்தால் விறைப்பாக எழுந்து நின்றுவிடுவார். மகளைக் கட்டியவர் தன்னைக் கண்டு இப்படி நடுங்குவது சாருக்கு உள்ளுக்குள் வலித்தது.

அதனால்தான் பாய்மரப் படகு. ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்துக் கரையோரமாகவே போய்வருவது. குடும்பமே பயணிகள், சார் கேப்டன். ஏழு நாள் ஒரே படகில் இருந்தால் மாப்பிள்ளை பேசித்தானே ஆக வேண்டும், எழுந்து எங்கே போவார்? பத்து ஞாயிற்றுக்கிழமை ஏரியில் பழகி, சான்றிதழ் வாங்கி, அதற்கு பிளாஸ்டிக் உறையும் போட்டாயிற்று.

படகுத்துறைப் பொறுப்பாளர் ஒரு பெண். சான்றிதழைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“நல்லாத்தான் இருக்கு சார். ஒரு ரவுண்டு போய்ட்டு வந்து இதே இடத்துல கட்டிக் காட்டுங்க. அப்புறம்தான் சாவி.”

அவர் கையில் பேனாவும் தாளும் இருந்தன. பெட்டிகளோடு குடும்பமும், கூடவே அவரும் ஏறிக்கொள்ள, சார் படகைக் கிளப்பினார்.

போனது நன்றாகவே போனது. திரும்பும்போது பாயை இறக்கிவிட்டு இன்ஜினில் வர, துறை கிடுகிடுவென்று நெருங்கியது. படகுக்கு பிரேக் கிடையாது, இன்ஜினை ரிவர்ஸில் போட்டால்தான் நிற்கும் என்பது சாருக்குத் தெரியும். ஆனால் அவர் காலுக்குத் தெரியாதே! டெஸ்ட் வண்டியில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு. இருபத்திரண்டு வருடம் அதை மிதித்த கால் அது. பயத்தில் தளத்தை ‘டம் டம்’ என்று மிதித்தது. பொறுப்பாளர் பாய்ந்து லீவரைப் பின்னுக்கு இழுப்பதற்குள் படகு துறையில் மோதியது. மகளின் பெட்டி தண்ணீரில் விழுந்தது.

“காத்து...” என்று சொல்ல சார் வாயைத் திறந்தார். வெயில் கண்ணில் அடித்தது, நாய் குறுக்கே வந்தது என்று எத்தனை பேர் அவரிடம் சொல்லியிருப்பார்கள்! வாயை மூடிக்கொண்டார்.

“என்ன போடலாம் சார்?” பொறுப்பாளர் தயக்கத்தோடு கேட்டார்.

“ஃபெயில்தான். சந்தேகமே வேணாம், போடுங்க.”

“பரவால்ல சார். ஓட்ட எங்க ஆளு வருவாரு. நீங்க நிம்மதியா உக்காந்துட்டு வாங்க.”

“பெட்டியாவது மிதக்குதே,” என்றார் மனைவி.

அவமானத்தில் சார் ஒரு மூலையில் போய் உட்கார்ந்தார். பெட்டியை இழுத்துப் போட்டுவிட்டு மாப்பிள்ளை வந்து, சொல்லாமல் கொள்ளாமல் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

“மாமா, நானும் மூணு தடவ ஃபெயில். எங்க ஊரு கார் டெஸ்ட்ல. தெரிஞ்சா பொண்ணு குடுக்க மாட்டீங்க, வாயத் தொறக்காதேன்னு கல்யாணத்துக்கு முன்னாடியே உங்க பொண்ணுதான் சொல்லிட்டா. அந்தப் பயம் இன்னும் போகல.”

சார் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“மூணு தடவயா! எதுல போச்சு?”

“மொதத் தடவ ரிவர்ஸ்ல, மாமா...” என்று ஆரம்பித்த மாப்பிள்ளை, படகு துறையை விட்டு வெகுதூரம் போன பிறகும் நிறுத்தவில்லை.