ஏர்கானில் தொய்ந்த பறை

சிங்கப்பூரில், சுவா சூ காங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பக்கத்துச் சமூக மன்றத்தில், பொங்கலுக்குக் கும்மி ஆடும் பெண்கள் குழு ஒன்று உண்டு. எனக்கு எழுபத்திரண்டு வயது, ஆட முடியாது. ஓரமாக உட்கார்ந்து கைத்தாளம் தட்டுவேன். யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதால் அந்த வேலை எனக்குப் பிடிக்கும்.

இந்த வருஷம் பறை அடிக்க ஒருவர் வந்தார். கப்பல் பட்டறையில் வேலை, ஊரில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். லிட்டில் இந்தியாவுக்குக் கூட்டாளிகளைப் பார்க்கப் போகாமல் ஞாயிற்றுக்கிழமைகளை எங்களுக்குக் கொடுத்தார். பயிற்சிக்கு முன்னால் பறையை வெயிலில் சாய்த்து வைப்பார். பிறகு புளோக்கின் கீழ்த்தளத்தில் அடித்தால் தூண்களே அதிரும்.

நிகழ்ச்சி அன்று மழை. அரங்கில் ஏர்கான் குளிர் வேறு. மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் ஒரு தட்டு தட்டிப் பார்த்தார். ஈரத்துணியைத் தட்டியது போலப் பொத்தென்றது.

"தோல் தொஞ்சு போச்சுக்கா. கொஞ்சம் நெருப்பு காட்டணும்."

குழுத் தலைவி பதறிவிட்டார். "நெருப்பா? ஃபயர் அலாரம் அடிச்சா யாரு பதில் சொல்றது? இந்த அக்காவோட தாளத்தப் பாருங்க, பித்தளை. மழையோ வெயிலோ ஒரே சத்தம். தோலுன்னாலே தொல்லைதான்லா."

எல்லோரும் சிரித்தார்கள். பறை அடிப்பவர் சட்டை நுனியால் தோலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிள்ளைகளுக்கு வீடியோ அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்.

என் முன்னால் மேசையில் தலைமுடி காய வைக்கும் மெஷின் கிடந்தது. அந்தச் சூடே போதும். எனக்குத் தெரியும். என் அப்பா பகலில் ரோடு கூட்டுவார். இழவு வீடுகளில் பறை அடிப்பார். பழைய பேப்பரைக் கொளுத்தி, பறையைத் திருப்பித் திருப்பிக் காய்ச்சிக் கொடுத்தவள் நான்தான். அப்போது எனக்கு எட்டு வயது. கல்யாணத்துக்குப் பிறகு, அப்பா ரோடு கூட்டியதைச் சொல்லியிருக்கிறேன். பறையை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் என்ன ஜாதி என்று தெரிந்துவிடும்.

வாயைத் திறந்தால், எப்படித் தெரியும் என்று கேட்பார்களே. முந்தானையால் தாளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மேடையில் பறை எடுபடவே இல்லை. என் தாளம்தான் அரங்கம் முழுக்கக் கேட்டது. "இன்னைக்கு நீங்கதாங்க்கா காப்பாத்துனீங்க," என்றார் தலைவி.

பின்னறைக்குத் திரும்பியதும் பறை அடித்தவர் என்னிடம் வந்தார். "மன்னிச்சுக்குங்கம்மா. என்னால கெட்டுப் போச்சு."

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "அடுத்த தடவ அந்த முடி காய வைக்கிற மெஷினால சூடு காட்டுங்க, தம்பி," என்றேன் மெதுவாக.

அங்கேயே காட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து ஓர் அடி. கதவுக் கண்ணாடி அதிர்ந்தது.

"அட! எப்படிம்மா தெரியும்?"

"டிவில பாத்தேன்."

உடனே ஊருக்குப் போன் போட்டார். "இங்க ஒரு அம்மா இருக்காங்க, டிவில பாத்தே கத்துக்கிட்டாங்களாம்!" என்று சிரித்தார். அவர் பேசி முடிக்கட்டும், அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்று பக்கத்திலேயே நின்றேன். போனை வைத்துவிட்டு, "என்னம்மா?" என்றார்.

"ஒண்ணுமில்ல தம்பி, சாப்பிட்டுப் போங்க," என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.